புல்தரை பராமரிப்பு: யாரை நம்பி விடுவது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிணத்துக்கடவு பக்கத்திலிருந்து ஒரு தக்காளி விவசாயி தொலைபேசியில் அழைத்தார். "சார், தக்காளி பூராவும் இலைச்சுருட்டு வந்துருச்சுங்க. வெள்ளை ஈக்கு மூணு தடவை மருந்து அடிச்சுட்டேன், கேட்க மாட்டேங்குது. ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். இலைச்சுருட்டு நச்சுயிரி என்றால் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகள் பாதிக்கப்பட்டிருக்கும்; இலையைத் திருப்பினால் வெள்ளை ஈ பறக்கும். இங்கே அப்படி இல்லை. கிழக்கு வேலியை ஒட்டிய முதல் ஆறு வரிசைகளில் ஒரு செடிகூடத் தப்பவில்லை. உள்ளே போகப் போகப் பாதிப்பு குறைந்து, பதினைந்தாவது வரிசைக்குப் பிறகு செடிகள் தெளிவாக இருந்தன. பாதித்த செடிகளின் கொழுந்து இலைகள் நார் போலக் குறுகி, நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. இலைக்காம்பு முறுக்கிக்கொண்டு கீழ்நோக்கி வளைந்திருந்தது. வெள்ளை ஈயைத் தேடியும் கிடைக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணை வீடு. இருபது சென்ட் அளவுக்குப் புல்தரை. பத்து நாள் முன்பு, நகரத்திலிருந்து ஒரு பராமரிப்பு நிறுவனத்தின் ஆட்கள் வந்து, புல்லுக்கு நடுவே முளைத்திருந்த அகன்ற இலைக் களைகளுக்கு மருந்து அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடித்த நேரம் நண்பகல். காற்று கிழக்கிலிருந்து. மருந்து, 2,4-டி எத்தில் எஸ்டர்.

இந்த மருந்து புல் வகைகளை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும். அதனால்தான் புல்தரைக்காரர்களுக்கு இதன்மேல் பிரியம். ஆனால் தக்காளி, பருத்தி, கத்தரி, திராட்சை எல்லாமே இதற்கு மிக மென்மையான பயிர்கள். சாரலில் வரும் மிகச் சிறிய அளவே போதும், இலை முறுக்கிக்கொள்ள. அதிலும் எஸ்டர் வடிவம் ஆவியாகும் தன்மை கொண்டது. வெயில் நேரத்தில் அடித்தால், தெளித்து முடித்த பிறகும் ஆவியாகிப் பக்கத்து வயலுக்குப் போகும்.

அந்த வீட்டின் உரிமையாளர் திருப்பூரில் இருக்கிறார். மாதம் ஒரு முறை வந்து போவார். நல்ல மனிதர். என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்டபோது, "கம்பெனிக்காரங்க பார்த்துக்கறாங்க சார், எனக்குத் தெரியாது" என்றார். அடித்த பையனைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். "புல்லுக்கு மருந்துங்க" என்றான். குடிநீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் பெயரும் இல்லை, அளவும் இல்லை. பிறகு அவர்களது அலுவலகத்தில் விசாரித்துத்தான் மருந்தின் பெயரே தெரிந்தது.

மூன்று தடவை வெள்ளை ஈக்கு அடித்த மருந்துச் செலவும், அந்தப் பதினைந்து வரிசையில் போன காய்ப்பும் பக்கத்து வயல்காரருடைய நட்டம். அவர் புல்தரை வைத்திருக்கவில்லை. அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர் இல்லை.

விவசாயப் பக்கத்தில் புல்தரைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். அருகம்புல்லைத் தோண்டி எடுக்க வயலில் ஆள் கூலி கொடுத்துச் சலித்தவர்கள் நாம். அதே அருகின் இனத்தைப் பெர்முடா என்று பெயர் வைத்து நகரத்தில் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள் என்றால் சிரிப்புதான் வரும். ஆனால் திருமண மண்டபம், பொறியியல் கல்லூரி, அடுக்குமாடிக் குடியிருப்பு, மருத்துவமனை, தோட்டத்துக்குள் கட்டிய பண்ணை வீடு என்று புல்தரை இப்போது எங்கும் வந்துவிட்டது. விவசாயிகளில் சிலரே ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கரில் புல் வளர்த்து, பாய் போலச் சீவி விற்கிறார்கள். விவசாயம் படித்த பிள்ளைகள் பராமரிப்பு நிறுவனம் தொடங்குகிறார்கள். நான் இதை வரவேற்கிறேன். என் வருத்தம் வேறு. ஒரு புல்வெட்டும் இயந்திரமும் ஒரு செல்போனும் இருந்தால் நிறுவனம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. விஷம் கையாளும் தொழிலுக்குள் இவ்வளவு எளிதாக ஒருவர் நுழைவதைக் கேட்பாரே இல்லை.

படமும் ரேட்டும்

பெரும்பாலானோர் இரண்டே விஷயங்களைப் பார்த்துத்தான் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். செல்போனில் அனுப்பும் படம் ஒன்று; சதுர அடிக்கு எவ்வளவு என்ற ரேட் இன்னொன்று. இரண்டாலும் ஒன்றும் தெரியாது.

படம் எப்போதும் புல் போட்ட அந்த வாரத்தில் எடுத்ததாக இருக்கும். புதிதாகப் பதித்த எந்தப் புல்லும் ஒரு மாதம் பச்சையாகத்தான் இருக்கும், சிமெண்ட் தரைமேல் போட்டாலும்கூட! ஆகவே படத்தை விட்டுவிட்டு முகவரியைக் கேளுங்கள். "இரண்டு வருடத்துக்கு முன்னால் நீங்கள் போட்டு, இன்றைக்கும் நீங்களே பராமரிக்கிற இடம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, முடிந்தால் கோடையில் போய்ப் பாருங்கள். அங்கே வீட்டுக்காரரிடம் பேசுவதைவிட வாட்ச்மேனிடமோ தோட்ட வேலை செய்பவரிடமோ பேசுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்கள், வரும்போது என்ன செய்கிறார்கள், என்ன தெளிக்கிறார்கள், கோரை எந்த மூலையில் கிளம்பியது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ரேட்டில் குறைவாகச் சொல்பவர் எங்கோ மிச்சம் பிடித்தாக வேண்டும். வழக்கமாக அந்த மிச்சம் மண்ணில் இருக்கும். எங்கோ வெட்டிய மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தி அதன்மேல் புல்லைப் பதித்துவிடுவார்கள். ஏரி வண்டலோ, வாய்க்கால் ஓர மண்ணோ வந்தால் அதோடு கோரைக் கிழங்கும் சேர்ந்து வரும். புல்பாய்க்கு அடியில் ஒட்டிக்கொண்டும் வரும். இரண்டு மாதத்தில் புல்லைவிட உயரமாகக் கோரை எழுந்து நிற்கும்.

கோரையை ஒழிப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே இருக்கும் தாளைக் கொன்றாலும், அடியில் சங்கிலி போல இணைந்த கிழங்குகளில் தூங்கிக்கொண்டிருந்தவை பிறகு முளைக்கும். புல்லையும் கோரையையும் சேர்த்துக் கொல்லும் களைக்கொல்லியைப் புல்தரையில் அடிக்கவும் முடியாது. ஆகவே முன்னாலேயே தடுப்பதுதான் வழி. மண்ணைக் கொட்டியதும் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று வாரம் காத்திருந்து, முளைத்து வருகிற கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்து, மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி எடுக்க வேண்டும். நீங்கள் வீட்டு விசேஷத்துக்குத் தேதி குறித்துவிட்டு அவசரப்படுத்தும்போது, "மூணு வாரம் ஆகும், அதுக்கு முன்னால போட மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள். "ஒரே ஸ்பிரேயில் கோரை க்ளோஸ்" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதல் நாள் அவர் எதைப் பார்க்கிறார்?

இடத்தைப் பார்க்க வருபவர் கையில் டேப் மட்டும் இருக்கிறதா, மண்வெட்டியும் இருக்கிறதா என்று கவனியுங்கள். டேப் மட்டும் கொண்டுவருபவர் பில் போட வந்திருக்கிறார். மண்வெட்டியோ கடப்பாரையோ கேட்டு வாங்கி ஓரிடத்தில் குத்திப் பார்ப்பவர் மண்ணைப் பார்க்க வந்திருக்கிறார். வீடு கட்டியபோது லாரி ஏறி இறங்கிய இடம் அரை அடிக்குக் கீழே கல் மாதிரி இறுகியிருக்கும். சுண்ணாம்பும் சிமெண்டும் புதைந்திருக்கும். அதைக் கொத்தி விடாமல் போட்ட புல் எத்தனை உரம் போட்டாலும் வேர் இறக்காது.

அடுத்து அவர் அண்ணாந்து பார்க்கிறாரா? புல்லுக்கு வெயில் வேண்டும். பெர்முடாவுக்கு நாள் முழுக்க வெயில் விழுந்தால்தான் நல்லது. கொரியன் புல் என்று விற்கும் சோய்சியா கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். எருமைப்புல் பாதி நிழலிலும் சமாளிக்கும். அடர்ந்த நிழலில் எதுவும் வராது. இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. பயிர்ச் சாகுபடியில் முனைவர் பட்டம் வாங்கிய நானே என் வீட்டு வேப்பமரத்தடியில் இரண்டு முறை புல் போட்டுத் தோற்றவன். மூன்றாவது முறை ஒரு சிறிய நாற்றங்கால்காரரைக் கூப்பிட்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, "இங்க புல்லு வேண்டாம் சார். காசு வீண். மணி பிளான்ட்டைத் தரையோட படர விடுங்க, நானே துண்டு தர்றேன்" என்றார். இன்றைக்கும் என் வீட்டு வெளிப்பக்கப் புல்லை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். தனக்கு வருமானம் தரும் வேலையை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரிடம் மற்ற வேலைகளைத் தைரியமாகக் கொடுக்கலாம்.

தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் புல் வகையைச் சொல்பவரும் நம்பத்தக்கவர் இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் சில வகைகள் தாங்கும், சில கருகும். மண்ணையும் நீரையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்கலாம். வயலுக்குச் செய்வதை வீட்டுக்குச் செய்ய ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை.

அளவையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து சென்ட் புல்தரை என்பது சுமார் 405 சதுர மீட்டர். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்தால், ஒரு நாளைக்கு 2,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் ஆறு நாளைக்குத்தான் வரும். இதை முதலிலேயே சொல்லி, "இவ்வளவு தண்ணி இருக்குங்களா? இல்லைன்னா பாதி இடத்துல புல், மீதியில செடி போட்டுக்கலாம்" என்று கேட்கும் நிறுவனம் உங்கள் கிணற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. ஊரில் குடிநீருக்குக் குடம் வரிசையில் நிற்கும்போது புல்லுக்கு லாரி வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் மனசாட்சி. ஆனால் தினமும் மேலாக நனைப்பதைவிட, வாரம் இரண்டு அல்லது மூன்று முறை வேர் மண்டலம் வரை நனையப் பாய்ச்சினால் வேர் கீழே இறங்கும், வறட்சியைத் தாங்கும். "டெய்லி ரெண்டு வேளை அடிங்க" என்பதைத் தவிர வேறு தெரியாதவரிடம் தண்ணீர்க் குழாயைக் கொடுக்காதீர்கள்.

மஞ்சளானால் யூரியாவா?

கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தார் ஒருமுறை கூப்பிட்டிருந்தார்கள். புல்தரை மஞ்சளாகிவிட்டது. பராமரிப்பு நிறுவனம் மாதாமாதம் யூரியா போட்டிருக்கிறது. மேலும் மஞ்சளானது. மேலும் போட்டார்கள். கடைசியில் கை அளவு வட்டங்களாகப் புல் கருகி, "ஏதோ பூஞ்சாணம்" என்று அதற்கும் ஒரு மருந்து அடித்திருந்தார்கள்.

இளம் இலையைப் பார்த்தால் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தது. முதிர்ந்த அடி இலை பச்சையாக இருந்தது. தழைச்சத்துக் குறை என்றால் இது தலைகீழாக இருக்க வேண்டும். அடி இலைதான் முதலில் வெளுக்கும். அது சுண்ணாம்பு மிகுந்த கரிசல் மண். அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. கரும்பிலும் நிலக்கடலையிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து ஒரு சதுர மீட்டரில் மட்டும் தெளித்து, ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். அந்தச் சதுரம் மட்டும் பச்சையாகத் தனித்துத் தெரிந்தது. பிறகு முழுவதற்கும் தெளித்தார்கள். நடைபாதை டைல்ஸில் பட்டால் துருக்கறை பிடிக்கும் என்று சொல்ல மறந்துவிட்டேன். அதற்குச் சங்கச் செயலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. கருகிய வட்டங்கள் பூஞ்சாணமே இல்லை. யூரியாவைக் கையால் வீசியபோது ஒரே இடத்தில் குவிந்து விழுந்த இடங்கள் அவை.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஒரு சென்ட் புல்தரைக்கு ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் தேவைப்படாது. அதையும் பரவலாகத் தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். உங்கள் நிறுவனத்தாரிடம் "ஏன் மஞ்சளாகியிருக்கிறது?" என்று கேளுங்கள். இலையைக் கிள்ளிப் பார்க்காமல், குனியாமல், நின்ற இடத்திலிருந்தே "உரம் போட்டாச் சரியாகிடும்" என்றால், அவருக்குத் தெரியவில்லை என்று பொருள்.

வெட்டுவதிலும் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. புல் வெட்டிய மறுநாள் ஒரு இலையின் நுனியைப் பாருங்கள். நேராக வெட்டுப்பட்டிருந்தால் பிளேடு கூர்மை. நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் மாதக்கணக்கில் பிளேடு தீட்டவில்லை. பிளேடு தீட்டாதவர் தெளிப்பானை மட்டும் ஒழுங்காகக் கழுவி வைத்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதேபோல, ஒரே வெட்டில் புல் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மாதம் ஒருமுறை வந்து தரையோடு மொட்டையடித்துவிட்டுப் போவது நிறுவனத்துக்கு வசதி, புல்லுக்குத் தண்டனை.

மருந்து விஷயம்

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். பல ஒப்பந்தங்களில் "மாதம் ஒரு முறை பூச்சி மருந்து, களை மருந்து தெளிப்பு" என்று ஒரு வரி இருக்கும். படிக்கும்போது ஏதோ கூடுதல் சேவை மாதிரித் தோன்றும். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். பூச்சி இல்லாத இடத்தில் மாதாமாதம் மருந்து எதற்கு? குழந்தைகள் வெறுங்காலோடு ஓடி, உருண்டு, அதே கையோடு தின்பண்டம் தின்னும் இடம் அது. வயலில் பொருளாதாரச் சேதநிலை பார்த்துத்தான் மருந்து அடிக்க வேண்டும் என்று விவசாயிக்குச் சொல்லிக்கொண்டே, ஒரு மூட்டை நெல்கூடத் தராத புல்லுக்குத் தேதி வைத்து விஷம் அடிப்பதை ஏற்க முடியாது.

பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது பெரிய வித்தை இல்லை. காய்ந்துவரும் இடத்தின் ஓரத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக மூன்று பக்கம் வெட்டிப் புல்லைப் பாய் போலத் தூக்குங்கள். வேர்ப்புழு இருந்தால் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும். வேரை அது தின்றிருந்தால் புல் தானாகவே கையோடு வந்துவிடும். படைப்புழு மாதிரி இலை தின்னும் புழுக்களுக்கு, ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றினால் பத்து நிமிடத்தில் மேலே ஏறி வரும். எண்ணிப் பார்த்து, நான்கைந்து கொண்டலாத்தியும் மைனாவும் பார்த்துக்கொள்ளும் அளவு என்றால் அவற்றுக்கே விட்டுவிடலாம். இந்தச் சோதனையை நிறுவனத்தின் ஆள் உங்கள் கண்முன் செய்து காட்டிவிட்டு மருந்தைப் பற்றிப் பேசட்டும்.

மருந்து தேவைதான் என்றால் சட்டம் ஒன்று இருக்கிறது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, வணிக முறையில் பூச்சிக்கட்டுப்பாடு செய்கிறவர்கள் உரிமம் பெற வேண்டும். அந்தச் சட்டத்தின் கண்ணில் களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லிதான். உரிமத்தின் நகலைக் கேளுங்கள். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். கார் ஓட்டுபவரிடம் லைசென்ஸ் கேட்கிறோம், இதற்கென்ன?

டப்பா உங்கள் கண்முன் திறக்கப்பட வேண்டும். பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தது எதுவானாலும் திருப்பி அனுப்புங்கள். லேபிளில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சுத்தன்மை குறைந்துகொண்டு போகும். வீட்டுப் புல்தரையில் சிவப்பு முக்கோணத்துக்கு இடமே இல்லை என்பது என் கருத்து. லேபிளோடு வரும் தாளில் எந்தப் பயிருக்கு, என்ன அளவு என்று பட்டியல் இருக்கும். அதில் இல்லாத இடத்தில் அடிக்கிறார் என்றால் எதை வைத்து அளவு போட்டார் என்று கேளுங்கள். "குருணை போடறோம்" என்று மட்டும் சொன்னாலும் என்ன குருணை என்று கேளுங்கள். போரேட் குருணை 2020 இறுதியோடு நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய சரக்கு என்று சொல்லிக்கொண்டு தோட்டத்தில் தூவ யாருக்கும் உரிமை இல்லை. குருணையைக் கொத்தித் தின்ற மைனாக்கள் புல்தரையில் செத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்திருக்கிறாரா என்பதும் முக்கியம். களைக்கொல்லி அடித்த டேங்கைத் தண்ணீரில் அலசிவிட்டு, அதிலேயே உங்கள் ரோஜாவுக்கும் கத்தரிக்கும் பூச்சி மருந்து அடித்தால், டேங்கில் ஒட்டியிருக்கும் மிச்சமே போதும். அதோடு, மருந்து அடித்த பிறகு வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடக் கூடாது. காய்கறிச் செடிக்கு மூடாக்காகவும் போடக் கூடாது. நம் ஊரில் தோட்டக்காரர் வெட்டிய புல்லைச் சாக்கில் கட்டி மாட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். யாரும் அவரிடம் சொல்வதில்லை.

தெளிக்க வரும் ஆளையும் பாருங்கள். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை, காலணி எல்லாம் நிறுவனம் கொடுத்திருக்கிறதா? முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, கையாலேயே மருந்தைக் கலக்கும் ஆள் வந்தால் வேலையை நிறுத்துங்கள். அந்தப் பையன்மேல் கோபப்படாதீர்கள். அவனுக்குத் தண்ணீரும் சோப்பும் கொடுத்துக் கைகழுவச் சொல்லிவிட்டு, நிறுவனத்துக்குப் போன் போடுங்கள். தன்னிடம் வேலை செய்பவனின் தோலைப் பற்றிக் கவலைப்படாத முதலாளி உங்கள் பேரக்குழந்தையைப் பற்றியா கவலைப்படப் போகிறார்?

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்?

நீண்ட ஒப்பந்தம் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். அளந்த பரப்பு, மாதம் எத்தனை முறை வருவார்கள், வெட்டு உயரம், உரத்தின் பெயரும் அளவும் எழுதி வைக்க ஒரு நோட்டு. எந்த மருந்தையும் பெயரைச் சொல்லி உங்கள் சம்மதம் வாங்கிய பிறகுதான் அடிப்போம் என்ற வரி. காற்றடிக்கும் நேரத்திலும் உச்சி வெயிலிலும் தெளிக்க மாட்டோம் என்ற வரி. பக்கத்தில் பயிர் இருந்தால் 2,4-டி வகையைப் பயன்படுத்த மாட்டோம் என்று தனியாகவே எழுதி வாங்குங்கள். அமைன் உப்பு வடிவம் எஸ்டர் அளவுக்கு ஆவியாகாது என்பது உண்மை. ஆனால் சாரல் காற்றில் போவதை அதுவும் தடுக்காது. அகன்ற இலைக் களையைச் சின்னக் கொத்தால் கையால் எடுத்துவிடலாம். பத்து சென்ட்டுக்கு இரண்டு ஆள் வேலை.

ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். கட்டாதீர்கள். மாதாமாதம் கொடுங்கள், பிடிக்கவில்லை என்றால் ஒரு மாத அவகாசத்தில் நிறுத்தலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். "புல் செத்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்ற உத்தரவாதத்திலும் பெரிய பயன் இல்லை. தண்ணீர் சரியாக விடவில்லை என்று ஒரே வார்த்தையில் கைகழுவிவிடலாம்.

பெரிய நிறுவனமா, உள்ளூர் ஆளா என்று கேட்கிறார்கள். உள்ளூர் ஆள் என்றால் தவறு நடந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம் என்பது ஒரு வசதி. பட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். என் வேப்பமரத்தடிக் கதையை மேலே சொல்லிவிட்டேன். ஆனால் மருந்தைத் தொடும் வேலைக்கு மட்டும் உரிமமும் பயிற்சியும் உள்ளவர் வர வேண்டும். வெட்டவும் களை எடுக்கவும் நாற்றங்கால்காரர், மருந்து தேவைப்படும் அரிதான நாளில் உரிமம் பெற்றவர் என்று பிரித்துக்கொண்டாலும் தவறில்லை. இந்தத் தொழிலில் இறங்கும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வேன். வாடிக்கையாளர் கேட்காமலேயே நீங்கள் உரிமத்தைக் காட்டுங்கள், டப்பாவைக் காட்டுங்கள். சதுர அடிக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்க உங்களுக்கு வேறு விளம்பரம் தேவைப்படாது.

கிணத்துக்கடவு விவகாரம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். வேலியோரச் செடிகளையும் வயலின் நடுவில் உள்ள செடிகளையும் பிடுங்கி எடுத்து அந்தத் திருப்பூர்க்காரரிடம் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். அவர் மறுபேச்சுப் பேசாமல் நட்டத்தில் ஒரு பகுதியைத் தன் கையிலிருந்து கொடுத்தார். நிறுவனம் எதுவும் தரவில்லை. அந்த மருந்து தங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டது. இப்போது அங்கே வேறு ஒரு ஆள் வருகிறார். வேலை தொடங்கும் முன் வேலிப் பக்கம் வந்து, "என்னங்க பயிர் இருக்குது இப்போ?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார். போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தபோது தக்காளிக்குப் பதில் வெண்டை நின்றிருந்தது. வேலிக்கு அப்பால் இரண்டு பெண்கள் கொத்தோடு உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். விவசாயி வரப்பில் ஒரு கட்டுப் புல்லைக் காட்டி, "மருந்து அடிக்காத புல்லுங்க சார், கேட்டுத்தான் மாட்டுக்கு வாங்கிட்டு வந்தேன்" என்றார்.